போத்தலா, ரின்னா? மெட்டல் டிடெக்டரோடு இரண்டு வருசம்

இந்தக் கிழமை எபிசோடில் மெட்டல் டிடெக்டர் பற்றி பதினைந்து நிமிசம் கதைத்தோம். எடிட் செய்யும்போது பாதியை வெட்டவேண்டி வந்தது. "நீ கோயில் அன்ரியின் தாலிக்கொடியைத் தேடின கதையை ஏன் விட்டாய்?" என்று கேட்டு இரண்டு பேர் ஏற்கனவே மெசேஜ் போட்டுவிட்டார்கள். சரி, வெட்டின பாதி இங்கே. தேத்தண்ணியோட இருந்து வாசியுங்கோ, கொஞ்சம் நீளம்.

போன ஓகஸ்ட், ஒரு சனிக்கிழமை. இரவு ஏழு மணிக்கு அம்மாவின் ஃபோனுக்கு ஒரு கோல். கோயிலில் பழக்கமான அன்ரி ஒராள், குடும்பத்தோடு கென்ட் பக்கம் கடலுக்குப் போயிருக்கிறா. பின்னேரம் மூன்றரை போல பேரப்பிள்ளையோடு தண்ணிக்குள் நின்றிருக்கிறா. கரைக்கு வந்து கழுத்தைத் தடவினால் கொடி இல்லை. சுரை கழன்றிருக்கிறது. பதினொரு பவுன். ஒரு பவுன் எட்டு கிராம் என்று வைத்தால் 88 கிராம் தங்கம், அந்த ஊரின் சேற்று மணலுக்குள்.

"தம்பியிட்ட அந்த மெஷின் இருக்காமே" என்றா அன்ரி. அவவின் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது.

நான் முதலில் பார்த்தது டைட் டேபிள். அவ கொடியைத் தொலைத்தது வற்று நேரம். அடுத்த வற்று கிட்டத்தட்ட பன்னிரண்டரை மணித்தியாலம் கழித்து, அதாவது விடிய நாலு மணிக்கு. அதுவரைக்கும் அந்த இடத்துக்கு மேலே கடல் நிற்கும். இரண்டாவதாக அந்தக் கரை யாருடையது என்று பார்த்தேன். இங்கிலாந்தில் அலை வந்து போகிற நிலத்தில் நிறைய கிரவுன் எஸ்டேட்டின் கையில், மிச்சத்தில் ஒரு பங்கு கவுன்சில்களின் கையில். கிரவுன் எஸ்டேட் கரைகளில் தேடலாம். கவுன்சிலுக்குக் கவுன்சில் விதி மாறும். லண்டன் தேம்ஸ் கரையில் போர்ட் ஒஃப் லண்டன் ஒதோரிற்றியின் பெர்மிட் இல்லாமல் ஒரு கல்லைக்கூடப் புரட்டக்கூடாது. இதெல்லாம் சலிப்பான விசயம்தான், ஆனால் இதைப் பார்க்காமல் மெஷினைக் கையில் எடுக்காதீர்கள்.

இனி மெஷின் என்ன செய்கிறது என்று சொல்லாவிட்டால் இது டெக் நியூஸ்லெட்டர் இல்லை.

கீழே தட்டு மாதிரி இருக்கிறதே, அதற்குள் இரண்டு கம்பிச் சுருள். ஒன்று அனுப்பும், மற்றது கேட்கும். அனுப்புகிற சுருளில் செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறுகிற மின்சாரம் ஓடும். சாதாரணமாக 5 முதல் 20 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும். அதனால் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் புலத்துக்குள் ஒரு உலோகம் அகப்பட்டால், அதற்குள்ளேயே சின்னச் சின்னச் சுழல் மின்னோட்டம் பிறக்கும். அது தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். கேட்கிற சுருளுக்கு வருவது அந்த எதிரொலிதான். எதிரொலி எவ்வளவு பிந்தி வருகிறது என்பதை வைத்து மெஷின் திரையில் ஒரு இலக்கம் போடும். வெள்ளி, செம்பு மாதிரி நன்றாக மின்சாரம் கடத்துகிறவைக்குப் பெரிய இலக்கம். இரும்புக்கு அடிமட்ட இலக்கம்.

இதில் ஒரு பகிடி இருக்கு. தங்க மோதிரத்துக்கும் கோக் ரின் மூடியின் அலுமினிய வளையத்துக்கும் ஏறத்தாழ ஒரே இலக்கம்தான் விழும். மெஷினால் பிரிக்க முடியாது. "குப்பை எல்லாம் எனக்கு வேண்டாம்" என்று அந்த இலக்கங்களை அடைத்துவிட்டால் தங்கத்தையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள். அதனால் கடற்கரையில் நாங்கள் எல்லோரும் வளையம் தோண்டுகிறவர்கள்தான்.

சங்கிலி இன்னும் மோசம். 88 கிராம் என்றால் மெஷின் கத்தவேண்டும் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. சுழல் மின்னோட்டம் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் தனித்தனியாகத்தான் சுற்றும். கண்ணியிலிருந்து கண்ணிக்குப் பாய்வதற்கு அங்கே இறுக்கமான தொடுகை இல்லை. ஆகவே ஒரு சங்கிலியை மெஷின் சங்கிலியாகப் பார்க்காது, ஒரு குவியல் பொடிகளாகத்தான் பார்க்கும். இங்கத்தைய கடைகளில் விற்கிற நூல் மாதிரியான சங்கிலிகளை நல்ல மெஷின்கூடத் தாண்டிப் போய்விடும். எங்கட கொடி தடிப்பம், அது ஒரு நன்மை. அதைவிடத் தாலி இருக்கிறதே, அது முழுத் தகடு. நான் தேடினது கொடியை அல்ல, தாலியை.

அடுத்த பிரச்சினை உப்பு. உப்புத் தண்ணி ஊறின மணலே மின்சாரம் கடத்தும். ஒரே அலைவரிசையில் வேலை செய்கிற மெஷினைக் கொண்டுபோனால் அது முழுக்கடலையும் உலோகம் என்று நினைத்துப் புலம்பிக்கொண்டே இருக்கும். இதற்கு இரண்டு வழி. பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்பி, அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசத்தை வைத்து உப்பின் பங்கைக் கழிக்கிற மெஷின் ஒன்று. பல்ஸ் இண்டக்‌ஷன் மற்றது: ஒரு அடி அடித்துவிட்டு, நிறுத்தி, எதிரொலி எப்படித் தேய்கிறது என்று கேட்கும். உப்பைக் கணக்கெடுக்காது, ஆழமாகவும் போகும். ஆனால் ஆணியா தங்கமா என்று அவ்வளவாகச் சொல்லத் தெரியாது. என்னுடையது முதலாவது ரகம், செக்கன்ட் ஹான்ட்.

இரவு இரண்டு மணிக்கு இறங்கினோம். அன்ரியின் மகன் டோர்ச் பிடித்தார். அவ நின்றது எங்கே என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையைக் காட்டினார்கள். கடைசியில் பேரப்பிள்ளை எடுத்த வீடியோ ஒன்றில் பின்னால் ஒரு மரத்தடுப்பு தெரிந்தது. அதை வைத்து நாற்பது மீட்டருக்கு இருபது மீட்டர் ஒரு கட்டம் குறித்தோம், மூலைக்கு மூலை செருப்பு வைத்து. பிறகு வயல் உழுகிற மாதிரி, தண்ணி இறங்க இறங்க, ஒரு வரிக்கு மேல் ஒரு வரி.

முதல் இரண்டு மணித்தியாலத்தில் அகப்பட்டது: பதினாலு வளையம், போத்தல் மூடிகள், மூன்று பவுண்டுச் சில்லறை, ஒரு விளையாட்டுக் கார். ஒவ்வொரு முறை நான் குனியும்போதும் அன்ரி காரிலிருந்து இறங்கி வருவா. நான் தலையை ஆட்டுவேன். திரும்பிப் போவா. அதைப் பார்க்கத்தான் ஏலாமல் இருந்தது.

நாலே முக்கால் போல, கிழக்கே லேசாக வெளிக்கத் தொடங்கும்போது, ஒரு பக்கமிருந்து வீசினால் 11, குறுக்கே வீசினால் 17 என்று தாவுகிற ஒரு சத்தம். வளையம் இப்படித் தாவாது. ஒரு சாண் ஆழம். மணலை அரித்தெடுக்கும்போது தாலிதான் முதலில் மினுங்கியது. கொடி அதன் பின்னால் சேற்றோடு உருண்டு வந்தது.

அன்ரி அதை வாங்கி, கடல் தண்ணியில் கழுவி, கண்ணில் ஒற்றிக்கொண்டா. பிறகு சொன்னது இவ்வளவுதான்: "நாளைக்கே சுரை மாத்தவேணும்." அங்கிள்தான் காருக்குப் பின்னால் போய் நின்று அழுதார்.

கடற்கரை இப்படி என்றால், உள்நாட்டு வயல் வேறு உலகம். அங்கே நீங்கள் தேடுவது நேற்றுத் தொலைந்ததை இல்லை.

வயலுக்குள் போக நிலச் சொந்தக்காரரின் அனுமதி வேணும். நான் இருபத்து மூன்று விவசாயிகளுக்குக் கையால் கடிதம் எழுதினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் 'வேண்டாம்' என்று. மற்றவர் அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முன்னால் வரச்சொன்னார். முதல் நாள் நான் ஹூடி போட்டு, தோளில் மெஷினோடு வரம்பில் நடந்துபோக, நாயோடு வந்த ஒருவர் நின்று என்னைப் படம் எடுத்தார். இப்போது அவரே எனக்குக் கை காட்டுகிறார். அதற்கு ஒரு வருசம் எடுத்தது.

அந்த வயலில் எனக்குக் கிடைத்த மிக நல்ல பொருள் பாதி வெள்ளிக் காசு. உடைந்தது இல்லை, வெட்டினது. 1279 வரைக்கும் இங்கே வழக்கமாக அடித்த வெள்ளிக் காசு பென்னி ஒன்றுதான். சில்லறை வேணுமென்றால் காசைக் கத்தரித்துப் பாதி, கால் ஆக்குவார்கள். பின்பக்கத்தில் இருக்கிற சிலுவையே வெட்டுவதற்குக் கோடு போட்ட மாதிரி. எண்ணூறு வருசத்துக்கு முந்திய ஒருத்தர் மிச்சக்காசை வயலில் விழுத்திவிட்டுத் தேடியிருப்பார். நக அளவு. எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதை என்ன செய்தேன்? போர்ட்டபிள் அன்ரிக்விற்றீஸ் ஸ்கீம் என்று ஒன்று 1997 முதல் இருக்கிறது. இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மியூசியம் நடத்துகிறது. பகுதிக்கு ஒரு அதிகாரி. அவரிடம் பொருளையும் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் இலக்கத்தையும் கொடுத்தால் படமெடுத்து, அளந்து, டேட்டாபேஸில் ஏற்றித் திருப்பித் தருவார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருட்கள் அதில் இருக்கின்றன, யாரும் வாசிக்கலாம். கட்டாயம் இல்லை, ஆனால் செய்யாதவனை எங்கள் கிளப்பில் மதிக்கமாட்டார்கள்.

கட்டாயமானது ட்ரெஷர் அக்ட், 1996. முந்நூறு வருசத்துக்கு மேல் பழையது, பத்து சதவீதமாவது தங்கமோ வெள்ளியோ என்றால் அது 'புதையல்'. காசு என்றால் ஒரே இடத்தில் இரண்டாவது இருக்கவேணும். அதனால்தான் என்னுடைய தனிப் பாதிக்காசு புதையல் இல்லை. புதையல் என்றால் 14 நாளுக்குள் கொறோனருக்கு அறிவிக்கவேணும். மியூசியம் வாங்கினால் அந்தப் பணத்தை வழக்கமாகக் கண்டெடுத்தவரும் நிலக்காரரும் பாதி பாதி எடுப்பார்கள். 2023 யூலையிலிருந்து, இருநூறு வருசத்துக்கு மேற்பட்ட, வரலாற்று முக்கியத்துவம் உள்ள பொருட்களும் என்ன உலோகமானாலும் இதற்குள் வரலாம். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களுக்குள் அனுமதியில்லாமல் மெஷினைக் கொண்டுபோவதே குற்றம்.

வேறு நாட்டில் இருந்து வாசிக்கிறவர்கள் கவனம். ஸ்கொட்லாந்தில் பழம்பொருள் எதுவானாலும் அறிவிக்கவேணும், அரசு கேட்கலாம். அயர்லாந்துக் குடியரசில் அனுமதியில்லாமல் மெஷினால் தொல்பொருள் தேடவே முடியாது. பிரான்ஸில் அரச நிர்வாகத்தின் அனுமதி வேணும். பாரிஸ் கசின்மாரே, எனக்குப் பிறகு ஃபோன் எடுக்காதீர்கள்.

அறிவிக்காவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஹெரஃபோர்ட்ஷயர் கதை. 2015இல் லெம்ஸ்டர் அருகே இரண்டு பேர் ஒரு வைக்கிங் காலப் புதையலை எடுத்தார்கள். ஏறத்தாழ 300 காசுகள் இருந்திருக்கும் என்று நம்பப்படுகிறது. மீட்கப்பட்டது 31. அந்த முப்பத்தொன்றில் சிலவற்றில் வெசெக்ஸ் அரசன் அல்ஃபிரெட்டும் மேர்சியா அரசன் கியோல்வுல்ஃபும் கூட்டாக இருந்ததற்கான சாட்சி இருக்கிறது. கியோல்வுல்ஃபை ஒரு பொம்மை அரசன் என்றே பழைய நூல்கள் எழுதி வைத்திருந்தன. மிச்சக் காசுகள் என்ன சொல்லியிருக்கும்? விற்றுத் தீர்ந்து எங்கேயோ போய்விட்டன. 2019இல் அவர்களுக்கு 10 வருசமும் எட்டரை வருசமும் சிறை, மேல்முறையீட்டில் குறைத்தார்கள். சிறையைவிட அந்தத் தொலைந்த காசுகள்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

நேர்மாறான கதை ஹொக்ஸ்ன். 1992 நவம்பர் 16, சஃபோக். ஒரு விவசாயி தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லோஸ் என்ற ஓய்வுபெற்ற தோட்டக்காரர், அவருடைய நண்பர், மெஷினோடு தேடப் போனார். சுத்தியலுக்குப் பதிலாக வெள்ளிக் கரண்டி, தங்க நகை, காசு, காசு, காசு. அவர் செய்த பெரிய காரியம், தோண்டுவதை நிறுத்தியது. அதிகாரிகளுக்கு அறிவித்தார், தொல்லியலாளர்கள் வந்து மிச்சத்தை முறையாக எடுத்தார்கள். அதனால்தான் அது ஒரு மரப்பெட்டி என்று தெரிந்தது. உள்ளே சின்னப் பெட்டிகள், துணி சுற்றி, வைக்கோல் அடைந்து வைத்திருந்தார்கள். 14,865 ரோமன் காசுகள், இருநூறளவில் வெள்ளி, தங்கப் பொருட்கள். 17.5 லட்சம் பவுண்டு என்று மதிப்பிட்டார்கள். அவர் பணத்தை விவசாயியோடு பங்கிட்டார். சுத்தியலும் பிறகு அகப்பட்டது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தின் சொத்து.

இந்த வருசம் தைப்பொங்கல் லீவுக்கு அம்மாவை அங்கே, 49ஆம் அறைக்கு, கூட்டிக்கொண்டு போனேன். காட்ட நினைத்தது மிளகுச் செப்புகள். நாலு இருக்கின்றன. ஒன்று ஒரு பெண்ணின் மார்பளவுச் சிலை. அடியில் ஒரு தட்டு, திருப்பினால் ஒரு நிலையில் மூடும், ஒன்றில் மிளகு நிரப்பலாம், ஒன்றில் தூவலாம். ரோமர்களுக்கு மிளகு வந்தது தென்னிந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து, அப்போதைய சேரநாடு. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு போனதை அகநானூறும் சொல்கிறது. அந்தப் பொன்னின் ஒரு பங்கு இன்னும் அங்கே மண்ணிலிருந்து வருகிறது: 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமன் தங்கக் காசுகள் ஒரே குவியலாக அகப்பட்டன, பெரும்பாலானவற்றில் அரசனின் தலைக்குக் குறுக்கே ஒரு வெட்டு. சஃபோக் குளிரில் யாரோ இறைச்சிக்கு எங்கட மிளகைத் தூவியிருக்கிறார் என்று அம்மாவுக்கு விளக்கமாகச் சொன்னேன்.

அம்மா செப்பைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த காப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றா. பத்தொன்பது தங்கக் காப்பு. ஒன்றில் எழுத்தே ஓட்டையாக வெட்டி, யூலியானா என்று பெயர் இருக்கிறது.

"ஆர் இதைத் தாட்டது?"

தெரியாது என்றேன். கடைசிக் காசு 407, 408 அளவில் அடித்தது. அந்த நேரம் ரோமன் படை இங்கிருந்து கிளம்பிவிட்டது. பாதுகாப்பில்லை. பெட்டிக்குள் ஒழுங்காக அடுக்கிப் பூட்டித் தாட்டிருக்கிறார்கள்.

"திரும்பி வாறமெண்டுதானே இவ்வளவு பக்குவமா அடுக்கியிருக்கினம்" என்றா. பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. வெளியே படியில் இருந்து சான்விச் சாப்பிடும்போதுதான் சொன்னா, 95இல் கொக்குவிலை விட்டு வெளிக்கிட்ட இரவு அம்மம்மா தன் நாலு காப்பையும் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் போட்டுக் கிணத்தடியில் தாட்டவ என்று. இருபத்தைந்து வருசமாக இந்த வீட்டில் வளர்கிறேன், இதை எனக்கு ஒருத்தரும் சொன்னதில்லை.

ஒக்டோபர் 30. ஒரே இரவில் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போன கதை உங்களில் பலருக்கு வீட்டிலிருந்து தெரியும். அடுத்த வருசம் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அடையாளம் வைத்த தேசிமரம் இல்லை. மூன்று இடத்தில் கிண்டியிருக்கிறார்கள். பிறகு விட்டுவிட்டார்கள். அம்மம்மா 2014இல் போய்விட்டா.

அம்மாவுக்கு ஏன் என் மெஷின் பிடிக்காது என்பதும் அப்போதுதான் பாதி விளங்கியது. வாங்கின முதல் நாள் பின்வளவில் போட்டுப் பார்த்தபோது, "அந்தச் சத்தத்தை நிப்பாட்டு" என்று கத்தினவ. அன்றிலிருந்து ஹெட்ஃபோனோடுதான். இந்தக் கருவியின் ஒரு பங்கு வரலாறே கண்ணிவெடிதான். 1941இல் ஸ்கொட்லாந்தில் இருந்த போலந்து அதிகாரி கொசாட்ஸ்கி கையில் கொண்டுபோகும் கண்ணிவெடி டிடெக்டரை வடிவமைத்தார், அடுத்த வருசம் எல் அலமெய்னில் அது பயன்பட்டது. முகமாலையில் முழங்காலில் இருந்து மண்ணைக் கிளறின எங்கட பெண்கள் கையில் இருந்ததும் என் கையில் இருப்பதின் சொந்தக்காரன்தான். ஒரு வித்தியாசம்: எனக்கு ஒரு சத்தம் பிடிக்காவிட்டால் தாண்டிப் போகலாம். அவர்கள் ஒன்றையும் தாண்ட முடியாது.

அன்றிரவே ரொரன்டோவில் இருக்கிற மாமாவுக்கு ஃபோன் போட்டோம். மாமா சொல்கிறார், போத்தல் இல்லை, நெஸ்பிரே ரின். அம்மா சொல்கிறா, ஹோர்லிக்ஸ் போத்தல், மூடியில் மெழுகு ஊத்தினதைத் தான் கண்ணால் கண்டதாக. அரை மணித்தியாலம் சண்டை.

உங்களுக்கு இது சும்மா அண்ணன் தங்கை வழக்காகத் தெரியும். எனக்கு அதில்தான் முழு விசயமும் இருக்கு. போத்தல் என்றால் கண்ணாடி மெஷினுக்குத் தெரியாது, உள்ளே இருக்கிற நாலு முழு வளையம் தங்கம் தெளிவாகக் கத்தும், மூடி கறள் பிடித்திருந்தாலும்கூட. ரின் என்றால் இரும்பு. முப்பது வருசக் கறள் சுற்றியிருக்கும். மெஷின் 'பெரிய இரும்பு' என்று சொல்லி உள்ளே இருக்கிற தங்கத்தை மறைத்துவிடும். இரும்பை அடைத்துவிட்டுத் தேடுகிறவன் அதற்கு மேலாலேயே நடந்து போவான். ஷெல் துண்டும் ஆணியும் நிறைந்த வளவில் எல்லா இரும்பையும் தோண்டவும் ஏலாது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகலாமே என்று கேட்காதீர்கள். இலங்கையில் அனுமதியில்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே குற்றம். ஸ்கேனரோடு பிடிபட்டவர்களின் செய்தி அடிக்கடி வரும். நான் தேடப்போவது அம்மம்மாவின் காப்பு என்று கட்டுநாயக்காவில் யாருக்கு விளங்கப்படுத்துவது? அதோடு அந்த வளவில் இப்போது சொந்தக்காரர் ஒருவர் புது வீடு கட்டி இருக்கிறார். கிணற்றை மூடிவிட்டார்கள். யாரிடம் என்ன அனுமதி கேட்கவேணும், உரிய இடத்தில் விண்ணப்பித்து அங்கேயே ஒருவரை வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் எபிசோடில் சொல்கிறேன்.

போன ஞாயிறு மாமா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கோட்டுக் கொப்பியில் பேனையால் கீறின வளவு: கிணறு, துலா, தேசிமரம், மாட்டுக்கொட்டில், படலை. கிணற்றிலிருந்து நாலு எட்டு என்று எழுதி ஒரு புள்ளடி போட்டிருக்கிறார். அதை நான் பிரின்ட் எடுத்துக் குசினி மேசையில் வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டு, நீண்ட நேரம் பார்த்து, அண்ணனின் புள்ளடியை வெட்டிவிட்டு, ஒரு அடி தேசிமரப் பக்கமாகத் தன்னுடையதைப் போட்டா.